மூணு முங்கு

அவர் நேரத்தை விநாடியில் அளக்கமாட்டார். முங்கில் அளப்பார்.

"உங்க போனு கேமரா தொறக்க ரெண்டரை முங்கு எடுக்கு டீச்சர். பேட்டரி மாத்தினா அரை முங்குக்குள்ள வந்திரும்" என்றார் முதல் நாள். இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலாக இயற்பியல் நடத்தியவள் நான். இப்படி ஓர் அலகை எந்தப் பாடப்புத்தகத்திலும் பார்த்ததில்லை.

"இது எந்த ஊரு கணக்கு அண்ணாச்சி?"

"நம்ம ஊரு கணக்குதான். ஆத்துல ஒரு ஆளு ஒரு தடவை முங்கி எந்திரிக்கிற நேரம்."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. என் போனைத் திருப்பி, முதுகில் ஒரு காகித நாடாவை ஒட்டி, '2½ மு' என்று பால்பாயிண்ட் பேனாவால் எழுதினார். அன்றைக்குச் சிரித்ததை நினைத்தால் இப்போதும் முகம் சுருங்குகிறது.

பாளையங்கோட்டை மார்க்கெட்டை ஒட்டின சந்தில் இருந்தது அவர் கடை. கடை என்றால் ஒரு ஆள் உட்கார்ந்து, இன்னொரு ஆள் நின்றால் நிறைந்துவிடும் இடம். கண்ணாடிப் பெட்டிக்குள் கழற்றிப்போட்ட போன்கள், காலடியில் ஒரு வாளி நிறைய ஆற்று மணல். வீங்கிப்போன பேட்டரிகளை அந்த மணலில்தான் புதைத்து வைப்பார், புகைந்தாலும் அடங்கிவிடும் என்று. ஒல்லியான மனிதர். நெற்றியில் திருநீறு, எப்போதும் வெள்ளைச் சட்டை, பேச்சு ரொம்பக் கம்மி.

பேசுகிற கொஞ்சத்தில் பாதி ஒரே சொல்லாக இருக்கும்: "நிமிருங்க." கடை வாசலில் காத்திருக்கிறவர்கள் குனிந்து இன்னொரு போனை நோண்டிக்கொண்டிருந்தால் அவருக்குப் பொறுக்காது. கையிலிருக்கும் இடுக்கியால் கண்ணாடியில் டக்டக்கென்று தட்டுவார். "ஏலே, நிமிந்து பாரு, லாரி வருது!" பையன் பதறி நிமிர்வான். அந்தச் சந்தில் லாரி நுழையவே முடியாது. சைக்கிளே ஒருக்களித்துத்தான் போகும். நிமிர்ந்த பிறகுதான் போனைக் கையில் கொடுப்பார். நாலு முறை பார்த்தபின் எனக்கு அது வேடிக்கையாக இல்லை. லாரி என்று சொல்லும்போது அவர் முகத்தில் விளையாட்டே இருக்காது.

இன்னொரு வழக்கமும் உண்டு. பேட்டரி மாற்ற யார் போனைக் கொடுத்தாலும் அன்றைக்கே திரும்பக் கிடைக்காது. "நாளைக்குக் காலைல ஒருதரம், மறுநாள் காலைல ஒருதரம் ஆத்துக்குக் கொண்டு போயிட்டு வந்து தாரேன்" என்பார். ஆற்றுக்கு அஸ்தி கொண்டுபோவார்கள், அழுக்குத் துணி கொண்டுபோவார்கள். போனைக் கொண்டுபோகிற ஆளை நான் கேள்விப்பட்டதில்லை. எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே, விசாரணையில் இறங்கிவிட்டேன்.

"கடையில வச்சே பாக்கக் கூடாதா?"

"மத்தியானம் இந்தத் தகரத்துக்கு அடியில போனு கொதிச்சுக் கெடக்கும் டீச்சர். சூட்டுக்கும் போனு மெதுவாத்தான் போகும். பழைய பேட்டரிய மத்தியானம் பாத்து, புதுசை அந்தியில பாத்தா, வேகம் கூடினது பேட்டரியாலயா, வெயிலு தாந்ததாலயான்னு எப்பிடிச் சொல்லுவிய? ஆத்துல காலைல ஏழு மணிக்கு ஒரே குளுமை. ஒரே படி. சார்ஜ் அறுவதுல வச்சிருவேன். மாத்துதது பேட்டரி ஒண்ணுதான்."

இந்த ஒன்றைப் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் மண்டையில் ஏற்ற நான் வருஷா வருஷம் தொண்டை கிழியக் கத்துகிறேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றதை எல்லாம் அப்படியே வை. அவர் எங்கே படித்தார் என்று கேட்டேன். எட்டாவதோடு சரி என்றார்.

பழைய பேட்டரி போனை ஏன் மெதுவாக்குகிறது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. நான் உள்மின்தடை, மின்னழுத்தம் என்று ஆரம்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதேதான் டீச்சர். வேகமாப் போனா சட்டுனு அணைஞ்சு போயிருவோம்னு அதுக்கே தெரியுது. அதான் பைய பையப் போகுது" என்றார்.

மூன்றாம் நாள் போன் வந்தது. சொன்னபடி பறந்தது. அந்தச் சந்தோஷத்தில் படங்களைத் தள்ளிக்கொண்டே போனபோதுதான், நான் எடுக்காத இரண்டு படங்களைப் பார்த்தேன்.

இரண்டும் ஒரே மாதிரி. ஆற்றங்கரைக் கல்படி. நாலாவது படியில் ஒரு மஞ்சள் சோப்புப் பெட்டி. அதற்கு அப்பால் தண்ணீர். ஆள் இல்லை, பறவை இல்லை. ஆனால் படம் எடுத்த விதம் ஆளை எடுத்த விதம். தண்ணீரில் இடுப்பளவு ஒருத்தர் நின்றால் எந்த இடத்தில் நிற்பாரோ, அந்த இடத்தை நடுவில் வைத்து, தலைக்குமேல் கொஞ்சம் இடம் விட்டு எடுத்திருந்தது. கல்யாண வீட்டில் படம் பிடிக்கிறவர்கள் அப்படித்தான் எடுப்பார்கள். ஆள் மட்டும் இல்லை.

மறுநாள் ஆசிரியர் அறையில் இதைக் காட்டினேன். தமிழ் டீச்சர் எட்டிப் பார்த்துவிட்டு, "இது என் போன்லயும் கெடக்கே! பிள்ளைக கைபட்டு விழுந்ததுன்னுல்லா நெனச்சேன்" என்றாள். பி.டி. டீச்சர் தன் போனைத் தேடினாள். இருந்தது. ஆபீஸ் கிளார்க் போனிலும் இன்னும் இரண்டு பேர் போனிலும் இருந்தது. ஆறு போன்களை மேஜையில் வரிசையாக வைத்தோம். ஒன்றில் ஆறு வற்றிக் கிடந்தது, ஒன்றில் செம்மண் நிறத்தில் ஓடியது, ஒன்றில் தெளிந்து கிடந்தது. படியும் சோப்புப் பெட்டியும் நடுவில் விட்ட இடமும் மட்டும் ஆறிலும் மாறவே இல்லை. பாளையங்கோட்டையில் எத்தனை பேர் சட்டைப்பையில் இந்த வெறும் ஆறு ஓடிக்கொண்டிருக்கிறதோ என்று எனக்குத் தோன்றியது.

கதையைச் சொன்னது அவர் கடைக்குப் பக்கத்தில் பூக்கட்டி விற்கும் அக்காதான். பிச்சிப்பூ வாங்கும் சாக்கில் கேட்டேன். அவள் கை நாரை முடிந்துகொண்டே இருந்தது.

"ஒங்களுக்குத் தெரியாதாக்கும்? அவிய முன்னால இப்பிடி இல்ல டீச்சர். நல்லாப் பேசுவாவ, சிரிப்பாவ. போனு மெதுவாப் போகுதுன்னு யாராச்சும் வந்தா, பேட்டரிக்கும் வேகத்துக்கும் என்னவே சம்பந்தம், எல்லாம் மனப்பிராந்தின்னு வெரட்டி விட்டுருவாவ. தன் போனுக்கும் மாத்தல. நாலு வருசத்துப் பேட்டரி."

ஒரு ஐப்பசி மாதக் காலை. புருஷனும் பெஞ்சாதியும் ஆற்றுக்குக் குளிக்கப் போயிருக்கிறார்கள். அவள் புதுச் சேலை கட்டியிருந்தாளாம். வெளியூரில் கட்டிக்கொடுத்த மகளுக்கு அனுப்ப ஒரு படம் வேண்டும் என்றிருக்கிறாள். "மூணு முங்கு முங்கிட்டு எந்திரிக்கேன். எந்திரிச்ச ஒடனே எடுங்க" என்று சொல்லிவிட்டு, சோப்புப் பெட்டியை நாலாவது படியில் வைத்துவிட்டு இறங்கினாள். அவர் கேமராவைத் தொட்டார். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கேமரா திறந்தபோது அதில் தண்ணீர் மட்டும் இருந்தது. என்ன ஏது என்று புரியுமுன் விரல் அமுக்கிவிட்டது. அதுதான் முதல் படம். மேற்கே மலையில் முந்தின இரவு மழையாம். மேலே தெரியாமல் அடியில் இழுப்பு இருந்திருக்கிறது. மறுநாள் சீவலப்பேரிப் பக்கம்தான் உடலை எடுத்தார்கள்.

"கத்தினாளா, கையைத் தூக்கினாளா, ஒண்ணும் தெரியாது டீச்சர். அவியதான் நிமிரவே இல்லையே" என்றாள் அக்கா. பூவை வாழை இலைக் கிழிசலில் சுற்றி என் பக்கம் நீட்டினாள். எனக்கு வாங்கத் தோன்றவில்லை.

அந்த மனிதர் ஊரார் போன்களை எல்லாம் எதற்காக ஆற்றுக்குச் சுமக்கிறார் என்பது அப்போதுதான் விளங்கியது. பழைய பேட்டரி எத்தனை முங்கு தின்கிறது என்று ஒவ்வொரு போனிலும் பார்க்கிறார். போன் மெதுவாக இருந்ததா, தான் மெதுவாக இருந்தோமா என்பதே அவர் கேள்வி. நூறு போனில் பார்த்தாலும் அதற்கு விடை கிடைக்காது. விடை ஒரே ஒரு போனில்தான் இருந்தது. அன்றைக்கு அவர் கையிலிருந்த அந்தப் போனை மட்டும் அவர் தொடவே இல்லை என்றாள் அக்கா.

இங்கேதான் நான் என் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்க வேண்டும். வாத்தியார் புத்தி, பாதியில் நிற்கும் பரிசோதனையைக் கண்டால் கை ஊறும். ஒருநாள் கடையில் யாருமில்லாதபோது கேட்டே விட்டேன்.

"அண்ணாச்சி, எல்லாப் போனையும் பாக்கிய. அந்தப் போனைப் பாத்தியளா?"

இடுக்கியைக் கீழே வைத்தார். "அதுல பேட்டரிய மாத்திட்டா, அப்புறம் அது அந்தப் போனு இல்லையே டீச்சர்" என்றார்.

"முதல்ல பழசுல மூணு தடவை அளந்துக்கிடுங்க. பெறகு மாத்துங்க. அளந்தது எங்கயும் போயிராது." எவ்வளவு தெளிவாகச் சொன்னேன், பாவி நான்.

இரண்டு வாரம் போனது. பிறகு ஒரு சாயங்காலம் பள்ளி வாசலில் நின்றார். "நாளைக்குக் காலைல வாரியளா டீச்சர்? போனை நீங்க பாத்துக்கிடுங்க. நான் தண்ணியப் பாக்கணும்."

கொக்கிரகுளம் பாலத்துக்குக் கொஞ்சம் மேற்கே அந்தப் படித்துறை. போய்ச் சேர்ந்தபோது ஏழு ஆகவில்லை. தள்ளி இரண்டு பேர் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். தடுப்பணையில் விழும் தண்ணீர் ஓயாமல் இரைந்தது. அவர் மஞ்சள் சோப்புப் பெட்டியை எடுத்து நாலாவது படியில், அளந்து வைத்ததுபோல, ஓர் இடத்தில் வைத்தார். அதே பெட்டி. அந்த இடத்தில் கல் கொஞ்சம் வெளுத்திருந்தது.

போனை என்னிடம் கொடுத்தார். நகத்தால் பின்மூடியைப் பெயர்க்கிற பழைய காலத்துப் போன். நான் படிமேல் நின்றேன். அவர் எனக்கு இரண்டு படி கீழே, எனக்கு முதுகு காட்டி, தண்ணீரைப் பார்த்து நின்றார். நான் கேமராவைத் தொட்டேன். அவர் சத்தமாக எண்ணினார். "ஒண்ணு..." ஓர் ஆள் முங்கி எழும் நேரம். "ரெண்டு..." வட்டம் சுற்றியது. "மூணு..." அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் கழித்தே திறந்தது. "திறந்துட்டு" என்றேன். அமுக்கினேன். அவர் திரும்பாமல் தலையாட்டினார். மூன்று முறை பார்த்தோம், மூன்றிலும் மூணு முங்குக்குக் கொஞ்சம் மேல்.

பிறகு படியில் உட்கார்ந்து பேட்டரியை மாற்றினார். ஊர் போன்களை எல்லாம் பிரித்து மாட்டின கைக்கு, ஒரு மூடியைத் திறக்க நாலு தடவை நகம் வைக்க வேண்டியிருந்தது.

அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. புதுப் பேட்டரியில் கேமரா உடனே திறந்தால், மனப்பிராந்தி என்று அவர் சொன்ன ஒரு வார்த்தைதான் அவளைக் கொன்றது என்றாகும். பழையபடியே மூணு முங்கு எடுத்தால் பேட்டரிமேல் பழி இல்லை, நிமிராமல் நின்றவர்மேல்தான் என்றாகும். எந்த விடை வந்தாலும் இந்த மனிதருக்குத் தப்பவே வழியில்லை. இதுபோக, அன்றைக்கு இருந்த பேட்டரி இன்றைக்கு இன்னும் கிழடாகியிருக்கும், ஆகவே அளந்ததே சரியான அளவு இல்லை. இதையெல்லாம் இரண்டு வாரத்துக்கு முன்னால் நான் யோசித்திருக்க வேண்டும். நிறுத்தலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் போன் என் கைக்கு வந்துவிட்டது.

அவர் கீழே இறங்கி நின்றார். "தொடுங்க டீச்சர்."

தொட்டேன். தொட்ட கையோடு திறந்துகொண்டது. மூன்று முறை பழகின கட்டைவிரல் தானாக அமுக்கியும்விட்டது. அவர் அப்போதுதான் "ஒண்ணு..." என்று ஆரம்பித்தார்.

செய்முறைத் தேர்வில் அளவுகளைச் 'சமைத்து' எழுதிய பிள்ளைகளின் நோட்டை நான் கிழித்துப் போட்டிருக்கிறேன். அழ அழக் கிழித்திருக்கிறேன். அந்த நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். மூணு முங்கு ஆகட்டும், பிறகு திறந்ததாகச் சொல்லலாம். இரண்டு பழியில் இதுதான் கொஞ்சம் லேசு என்று அந்த நேரத்தில் பட்டது.

"ரெண்டு..." திரையிலேயே என் கண் இருந்தது. சோப்புப் பெட்டிக்கு அப்பால், வெறும் இடமாக விட்ட அந்த நடுவில், தண்ணீரில் ஒரு வளையம் விரிந்தது. மீன் என்று நினைத்தேன். அது அடங்குமுன் அதே இடத்தில் இன்னொன்று. "மூணு..." இன்னொன்று.

"திறந்துட்டு" என்றேன்.

"எத்தனை?"

"மூணு. முன்ன மாதிரியேதான்."

அவர் பையத் திரும்பினார். அத்தனை நாளில் முதல்முறையாக அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்றைப் பார்த்தேன்.

"நீங்களும் நிமிரல டீச்சர்."

"என்ன சொல்லுதிய?"

"மூணு முங்கும் முங்கினா. நல்லாத்தான் எந்திரிச்சா. ரெண்டாவதுல உங்களத்தான் பாத்தா." நேற்று மழை பெய்தது என்பதுபோலச் சொன்னார். "நீங்க போனையே பாத்துட்டு நின்னுட்டிய."

அப்போதுதான் நிமிர்ந்தேன். ஆறு ஓடிக்கொண்டிருந்தது. துவைக்கிறவர்கள் துவைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப யாரு நின்னாலும் இப்பிடித்தான் போல" என்றார், தனக்குள் சொல்வதுபோல. பிறகு சட்டையைக் கழற்றிப் படியில் வைத்தார். அந்தச் சோப்புப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். அவள் போனபிறகு அவர் ஆற்றில் குளித்ததில்லை என்று பூக்கார அக்கா சொல்லியிருந்தாள். "அண்ணாச்சி, வேண்டாம்" என்று கத்தினேன். அவர் முங்கினார்.

போனைச் சேலைத்தலைப்பில் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு இரண்டு கண்ணாலும் தண்ணீரையே பார்த்தேன். எழுந்தார். மறுபடி முங்கினார். எழுந்தார். மூன்றாவது முங்கு நீண்டது. நான் விநாடியில் எண்ணினேன். பத்து வந்தது. பதினைந்து வந்தது. கர்த்தாவே, கர்த்தாவே என்று படியிறங்கி முழங்கால் தண்ணீருக்கு வந்துவிட்டேன். எழுந்தார். முகத்தை வழித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இப்ப நிமிந்து பாத்திய" என்றார்.

அதன்பிறகு அவர் ஆற்றுக்குப் போன் கொண்டுபோகவில்லை. காலையில் கொடுத்தால் மாலையில் பேட்டரி மாற்றித் தந்துவிடுவார். லாரி வருது என்று யாரையும் விரட்டவில்லை. போன வருஷம் கடையைக் காலி செய்துவிட்டுத் திசையன்விளையில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது அந்தப் போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். "உங்ககிட்ட இருக்கட்டும் டீச்சர். பேட்டரி புதுசுல்லா, நல்லா ஓடும்" என்றார்.

பீரோவில் வைத்துப் பூட்டினேன். பொய் சொன்னதை யாரிடமும் சொல்லவில்லை. அளவுகளைச் சமைத்த பிள்ளைகளின் நோட்டைக் கிழிக்க இப்போதெல்லாம் கை வருவதில்லை. அந்த ஒரு பொய்யாலாவது அவருக்குக் கொஞ்சம் நிம்மதி கிடைத்ததே என்று நினைத்துக்கொள்வேன்.

போன வாரம் பீரோவை ஒழுங்குபடுத்தும்போது அந்தப் போன் கையில் தட்டுப்பட்டது. சார்ஜ் போட்டு, கேமராவைத் திறந்து, சும்மா சுவரைப் பார்த்து அமுக்கினேன். கிளிக் என்று ஒரு சத்தம். பழைய போன்களில் வருமே, அந்த உலோகச் சத்தம். சமையலறையில் இருந்த என் வீட்டுக்காரர், "என்னத்தப் படம் எடுக்க?" என்று கேட்டார். அவ்வளவு தூரத்துக்குக் கேட்டிருக்கிறது.

இரண்டு படி கீழே நின்றவருக்குக் கேட்காமலா இருக்கும்! தடுப்பணை இரைச்சலிலும் கேட்டிருக்கும். அன்றைக்கு முதல் மூன்று முறையும் நான் 'திறந்துட்டு' என்றபோது அவர் தலையாட்டவில்லை. அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் ஆட்டினார். நாலாவது முறை அவர் "ஒண்ணு" என்று தொடங்குமுன்பே அது கேட்டாயிற்று. விடை தெரிந்தபிறகும் மூணு வரைக்கும் எண்ணியிருக்கிறார். தெரிந்தே என்னிடம் "எத்தனை?" என்று கேட்டிருக்கிறார். நான் சொன்ன பொய்யை, கொடுக்கிறவள் மனம் நோகக்கூடாதென்று வாங்கிக்கொள்வதுபோல, வாங்கிக்கொண்டிருக்கிறார்.

அன்றைக்கு நான் நாலாவது முறை அமுக்கின படமும் அந்தப் போனில்தான் இருக்கிறது. அவர் எண்ணத் தொடங்குமுன் விழுந்த படம்; நடுவில் விட்ட இடத்தில் அவள் நின்றிருந்தால், அதிலும் நிற்பாள். சுவரை எடுத்த படத்துக்குப் பக்கத்தில், திரை மூலையில், சின்னதாக அது தெரிய வந்தது. அதைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு போனை அணைத்தேன்.